சிறு கூலியும் பெரும் பரக்கத்தும்

படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹுத்தஆலாவுக்கே எல்லாப் புகழும் உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஹவுளின் ஓரமாக அமர்ந்திருந்தேன். எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கத்தில், பீடி சுற்றும் தொழிலை நம்பி வாழும் ஊர். அப்போது ஒரு தகப்பனாரும் அவருடைய மகனும் வந்து ஸலாம் சொல்லி உட்கார்ந்தார்கள். பையன் பி.காம். தேறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இத்தனை நாளும் வராத வேலை, ஒரே வாரத்தில் இரண்டாக வந்திருக்கிறது. ஒன்று, டவுணில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் உதவியாளர் வேலை. மாதம் 11,000 ரூபாய். மற்றொன்று, வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தவணை வசூலித்துப் பதிவு செய்யும் வேலை. மாதம் 19,000 ரூபாய்.

தகப்பனார் சொன்னார்: "ஹஜ்ரத், வட்டி வேலை வேண்டாம் என்று எனக்கே தெரியும். ஆனால் இரும்புக் கடைக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்தேன். பட்டம் வாங்கிய பிள்ளை பதினோராயிரத்துக்குப் போகிறான் என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? நாளைக்குப் பெண் கேட்டுப் போக வேண்டாமா? இரண்டையும் விட்டுவிட்டு, படிப்புக்கேற்ற வேலை வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று பார்க்கிறேன்."

மகனைப் பார்த்தேன். "என்கூடப் படித்தவன் துபாயில் இருக்கிறான் ஹஜ்ரத். நான் இரும்புக் கடையில் உட்கார்ந்தால் அவன் என்ன நினைப்பான்?" என்றார்.

"இந்த ஒன்றரை வருடமாக வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது?" என்று கேட்டேன். இருவரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்துத் தகப்பனார் தலையைக் குனிந்தபடி, "எனக்கு நெஞ்சுவலி வந்து கடையை மூடினதிலிருந்து, பிள்ளையுடைய உம்மாதான் பீடி சுற்றுகிறாள்" என்றார்.

அன்று அவர்களுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இது அந்த ஒரு வீட்டின் கதையன்று. படித்த பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகள் பலவற்றிலும் இன்று இதே பேச்சுத்தான் நடக்கிறது.

கூலி வேலை இழிவாகுமா?

முதலில் இந்த "இழிவு" என்ற சொல்லை நம் மனத்திலிருந்து அகற்ற வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ் அனுப்பிய நபிமார்களில் ஆடு மேய்க்காதவர் எவருமில்லை என்று கூறினார்கள். "தாங்களுமா?" என்று தோழர்கள் கேட்டபோது, ஆம், மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்காகத் தாமும் மேய்த்ததாக மறைக்காமல் சொன்னார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. கீராத் என்பது மிகச் சிறிய நாணய அளவு. ஈருலகத் தலைவரான நம் நாயகம் வாங்கிய கூலி அவ்வளவு சிறியது! அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. நமக்கு ஏன் வெட்கம் வர வேண்டும்?

ஒருவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், விறகு வெட்டி முதுகில் சுமந்து வந்து விற்பது, மக்களிடம் கையேந்துவதைவிட அவனுக்கு மேலானது என்றும் அவர்கள் போதித்தார்கள். தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்று புகழ்ந்துரைத்தார்கள்.

ஸஹாபாக்களின் வாழ்வைப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் வியாபாரியாய் இருந்தவர்கள். எல்லாவற்றையும் விட்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தார்கள். அன்ஸாரிகளில் செல்வரான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் சொத்தில் சரிபாதியைத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், உங்கள் குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்று துஆச் செய்துவிட்டு, எனக்குக் கடைத்தெருவைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். அன்று கொஞ்சம் பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் மதீனாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார்கள். "என் தகுதிக்கு இந்த நெய் வியாபாரமா?" என்று அவர்கள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மத்யனில் ஒரு வேலைக்காரர்

நம் இளைஞர்கள் இந்த விஷயத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வரலாறு மூஸா (அலை) அவர்களுடையது. திருமறையில் கஸஸ் என்ற அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா அதை விளக்கமாக எடுத்துரைக்கிறான்.

மூஸா (அலை) அவர்கள் வளர்ந்த இடம் ஃபிர்அவ்னின் அரண்மனை. ஒரு சம்பவத்தினால் உயிருக்கு அஞ்சி எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் வந்து சேருகிறார்கள். கையில் காசில்லை, தங்க வீடில்லை, தெரிந்தவர் எவருமில்லை. அந்த நிலையிலும், தண்ணீர்த்துறையில் ஆடுகளோடு ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களுக்கு உதவி, அவர்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி அல்லாஹ்விடம் துஆச் செய்கிறார்கள். அந்த துஆவின் கருத்தைக் கவனியுங்கள்: நீ இறக்கும் எந்த நன்மையானாலும் அதன் தேவையுடையவனாகவே நான் இருக்கிறேன் என்கிறார்கள். இவ்வளவு வேண்டும், இந்த இடத்தில் வேண்டும் என்று அளவு குறிப்பிடவில்லை.

அந்த துஆவுக்குப் பின் வந்தது ஒரு வேலை. அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். வேலைக்கு வைப்பவர்களில் சிறந்தவர் பலமும் நம்பிக்கையும் உடையவரே என்கிறார். அந்தத் தந்தையின் பெயரைத் திருமறை கூறவில்லை. ஷுஐப் (அலை) அவர்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்லுவார்கள். அவர் தம் மகளை மணமுடித்துத் தர, எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும்; பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று பேசினார். அரண்மனைப் பிள்ளை ஆட்டு மந்தையின் பின்னே போக ஒப்புக்கொண்டது. இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீண்டதையே நிறைவேற்றினார்கள் என்று விடை பகர்ந்தார்கள்.

அந்தத் தவணை முடிந்து குடும்பத்தோடு திரும்பும் வழியில்தான் தூர் மலைப் பக்கம் நெருப்பைக் கண்டார்கள்; நபித்துவம் கிடைத்தது. அங்கே அல்லாஹ், உம் கையில் இருப்பது என்ன என்று கேட்கிறான். அது என் தடி. இதில் சாய்ந்து கொள்வேன், என் ஆடுகளுக்கு இலை உதிர்ப்பேன் என்று மூஸா (அலை) அவர்கள் சொன்னதாகத் தாஹா அத்தியாயத்தில் காண்கிறோம். சகோதரர்களே! ஆடு மேய்க்கும் அந்தத் தடிதான் ஃபிர்அவ்னின் சபையிலே அற்புதமாயிற்று. அந்தத் தடிதான் கடலைப் பிளந்தது. சிறிய வேலையில் கையிலெடுத்த கருவியை எந்தப் பெரிய காரியத்துக்கு அல்லாஹ் பயன்படுத்துவான் என்பதை நாம் அறிய மாட்டோம்.

அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். "தம்பி, இரும்புக் கடையில் நீ கற்கும் பேரேடும், ஜி.எஸ்.டி. கணக்கும், சரக்கு இருப்புப் பார்க்கும் பழக்கமும் உன் கைத்தடி. அது இல்லாமல் வெறும் பட்டத்தோடு நின்றால் எந்தப் பெரிய வாசலும் எளிதில் திறக்காது" என்றேன்.

எவ்வளவு என்பதற்கு முன்னே எது என்று கேளுங்கள்

வேலை வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" முஃமினுடைய முதல் கேள்வி, "இது ஹலாலா?" என்பதாக இருக்க வேண்டும். வட்டி வாங்குபவன், கொடுப்பவன், அதை எழுதுபவன், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய எல்லோரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் அனைவரும் சமம் என்று கூறியதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். "நான் வட்டி வாங்கவில்லையே, கணக்குத்தானே எழுதுகிறேன்" என்று சொல்லித் தப்ப முடியாதபடி எழுதுபவனையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அந்த 19,000-த்தை 11,000-த்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே தவறு. ஹராமின் பெரிய எண்ணை ஹலாலின் சிறிய எண்ணோடு ஒரே தராசில் வைக்கலாகாது.

அல்லாஹ்வுக்கு அஞ்சி நடப்பவனுக்கு அவன் ஒரு வழியை உண்டாக்குவான், எண்ணியிராத இடத்திலிருந்து ரிஜ்கு அளிப்பான் என்பது தலாக் அத்தியாயத்தில் உள்ள வாக்குறுதி. அந்த வாக்கை நம்புகிறவன் வட்டிக் கடையை விட்டு வெளியே வர அஞ்ச மாட்டான்.

கணக்குப் பார்ப்பதும் தவக்குலுக்கு மாறானதன்று

ஹலால் என்று தெரிந்தபின் கணக்குப் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்ததாக திர்மிதீயில் வந்துள்ளது. பறவைகளுக்கு உணவளிப்பதுபோல் அளிப்பான் என்று சொன்ன ஹதீஸிலும், பறவை கூட்டிலேயே இருந்து உண்டதாக இல்லை. காலையில் பசியோடு வெளியே போய் மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது என்றுதான் இருக்கிறது.

பள்ளியில் உட்கார்ந்தே ஒரு தாளில் அவர்களோடு கணக்குப் போட்டோம். வீட்டிலிருந்தே போய்வரும் வேலை. பஸ்ஸுக்கு 1,000, பகல் சாப்பாடு டீக்கு 1,500, கைச்செலவுக்கு 500. ஆக 3,000 போக, 8,000 ரூபாய் வீட்டுக்கு வரும். இன்று வீட்டுக்கு வருவது உம்மாவின் பீடிக் கூலி மட்டுமே. "பதினோராயிரம் குறைவுதான். ஆனால் எதைவிடக் குறைவு? கையில் இல்லாத இருபத்தையாயிரத்தைவிடக் குறைவு. கையில் இருக்கும் வெறுமையைவிட அதிகம்" என்றேன்.

தன் பொறுப்பில் உள்ளவர்களைக் கவனியாமல் விடுவதே ஒருவனுக்குப் போதுமான பாவம் என்று அபூதாவூதில் வந்திருக்கும் ஹதீஸை வாலிபர்கள் மறக்கக் கூடாது. வயதான தாய் இரவு பதினொரு மணிவரை விளக்கின் கீழ் குனிந்து இலை சுருட்டும்போது, உடல் வலுவுள்ள மகன், "என் தகுதிக்கு வரட்டும்" என்று போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது பொறுமை ஆகாது. அது பெருமை. பொறுமை என்பது வேலை செய்துகொண்டே நல்லதை எதிர்பார்ப்பது. நாலு பேர் சிரிப்பார்கள் என்று அஞ்சுகிறோமே, அந்த நாலு பேரில் எவர் இந்த ஒன்றரை வருடத்தில் ஒருநாள் அரிசி வாங்கித் தந்தார்?

மறுக்க வேண்டிய வேலையும் உண்டு

அப்படியானால் வருகிற எந்த வேலையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுமா? இல்லை. மறுக்கத் தகுந்த இடங்களும் இருக்கின்றன.

வேலையே ஹராமாக இருந்தால் மறுக்க வேண்டும். ஃபர்ளான தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் வழியே இல்லாத வேலையானால், முதலில் பேசிப் பார்க்க வேண்டும்; இணங்காவிட்டால் விட வேண்டும். "சம்பளம் பிறகு பார்த்துச் செய்வோம்" என்று தொகை சொல்லாமல் அழைப்பவரிடம், தொகை இன்னது, நாள் இன்னது, வேலை இன்னது என்று பேசி முடிக்காமல் போகக் கூடாது. கூலியும் வேலையும் தெளிவாக இருப்பது ஒப்பந்தத்துக்கு நிபந்தனை என்பதில் ஷாபிஈ, ஹனஃபி இரு மத்ஹபின் இமாம்களும் ஒத்திருக்கிறார்கள். வேலை தருவதற்கு முன் டெபாசிட் கட்டச் சொல்லும் இடங்களில் ஏமாறுகிறவர்கள் ஏராளம், எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாடு போவதானால் அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று விசாரியுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி விசா எடுப்பது, வரப்போகும் சம்பளத்தை முன்கூட்டியே நெருப்பில் இடுவதற்கு ஒப்பாகும்.

மனைவி மக்களும் வாடகை வீடும் உள்ளவருக்கு, வருகிற சம்பளம் அன்னத்துக்கே போதாது, அதைவிட நல்ல ஹலாலான வேலை உறுதியாகக் கையில் இருக்கிறது என்றால், குறைந்ததை மறுப்பதில் குற்றமில்லை. "உறுதியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். வரும் வரும் என்று யாரோ சொன்ன வேலை கையில் உள்ள வேலை ஆகாது.

சம்பளம் ஒன்றை மட்டும் பார்க்காமல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, வேலை கற்றுத் தருவார்களா, ஓராண்டில் சம்பளம் கூட்டுவார்களா என்பதையும் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது பேராசை ஆகாது.

மஷ்வராவும் இஸ்திகாராவும்

காரியங்களில் கலந்தாலோசித்து, முடிவு செய்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு ஆலு இம்ரான் அத்தியாயத்தில் நாயகத்துக்கே கட்டளை வந்தது. ஆகவே அந்தத் தொழிலை அறிந்தவர் ஒருவரிடமும், உங்களைப் பெற்றோரிடமும் மஷ்வரா செய்யுங்கள். வீட்டில் உழைக்கும் பெண்களிடமும் கேளுங்கள். அந்தத் தகப்பனாரிடம், "பிள்ளையுடைய உம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டபோது, "அவளிடம் கேட்கவில்லையே" என்றார்!

பிறகு இஸ்திகாரா செய்யுங்கள். குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல நாயகம் (ஸல்) அவர்கள் எங்களுக்கு இஸ்திகாராவைக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஃபர்ளல்லாத இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் எளிதாக்கு, கெடுதி என்றால் இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்பிவிடு, நல்லது எங்கிருந்தாலும் அதை விதித்து அதில் எனக்குத் திருப்தியைக் கொடு என்ற கருத்தில் அமைந்த துஆ அது. அரபியில் மனனம் இல்லாதவர்கள் பார்த்து ஓதிக்கொள்ளலாம்.

இதிலே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இஸ்திகாரா செய்தால் கனவு வர வேண்டும், பச்சை தெரிந்தால் நல்லது, சிவப்பு தெரிந்தால் கெட்டது என்று சொல்லிக்கொண்டு, கனவுக்காகக் காத்திருந்தே வேலையைக் கைநழுவ விட்டவர்கள் உண்டு. அந்த ஹதீஸிலே கனவைப் பற்றிய பேச்சே இல்லை. தொழுது, துஆச் செய்து, விசாரித்து, மனம் அமைதி காணும் பக்கம் அடி எடுத்து வையுங்கள். நல்லதானால் வழி எளிதாகும். இல்லையானால் அவனே திருப்பிவிடுவான்.

ஏற்றுக்கொண்ட பின்

வேலையை ஏற்றுக்கொண்டால் அது அமானிதம். "கொடுக்கிறது குறைச்சல், செய்கிறதும் குறைச்சல்தான்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. நேரத்தைத் திருடுவதும் எடையில் குறைப்பதுதான். சம்பளம் போதவில்லையா? பேசுங்கள். நல்லது கிடைத்தால் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகுங்கள். அது தடுக்கப்பட்டதன்று. ஆனால் ஒப்புக்கொண்ட நாள்வரை, பலமும் நம்பிக்கையும் உடையவர் என்று மத்யனில் பெற்ற பெயரை நீங்களும் பெறுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல்

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பிள்ளைகளைச் சிறு கூலிக்குப் போகச் சொல்வது, நீங்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வதற்காக அன்று. ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத்து நாளில் தானே வாதாடுவதாக அல்லாஹ் கூறியிருக்கிறான். குகையில் அடைபட்ட மூவரின் செய்தியைக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒருவர், வேலையாள் வாங்காமல் போன சிறிதளவு தானியக் கூலியைப் பெருக்கி, பல காலம் கழித்து அவன் வந்தபோது ஆடுமாடுகளாகவே ஒப்படைத்தார். அந்த அமலின் பொருட்டால் பாறை விலகியது. உங்களிடம் வரும் ஏழைப் பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள். அவன் வளர்ந்தால் சம்பளத்தை வளருங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களும் மாப்பிள்ளையின் சம்பளத் தொகையைக் கேட்கும் முன், அது வரும் வழியைக் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தகப்பனார் ஜும்ஆவுக்கு வந்தபோது, பையன் இரும்புக் கடையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். மறுமாதம் பையனே வந்தார். முதல் சம்பளத்தை உம்மாவின் கையில் கொடுத்தாராம். "உம்மா என்னப்பா சொன்னார்கள்?" என்று கேட்டேன். "ஒன்றும் சொல்லவில்லை ஹஜ்ரத். அன்றைக்கு இஷாவுக்கு முன்னாலேயே பீடித் தட்டை எடுத்து வைத்துவிட்டார்கள்" என்றார்.

இதைவிடப் பெரிய பரக்கத் எது வேண்டும்?

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஜ்கை விசாலமாக்குவாயாக! ஹராமின் பெருக்கத்தைவிட்டு எங்களைக் காப்பாயாக! சிறியதில் போதுமென்ற மனத்தையும், உழைப்பில் நேர்மையையும் தருவாயாக! எங்களைப் பெற்றவர்களின் முதுமைக் காலத்தில் அவர்களுடைய சுமையை எங்கள் தோளில் ஏற்றுக்கொள்ளத் தவ்பீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.